ஏழெல்லாம் ஆறானபோது

பிப்ரவரி 3, திங்கள்

அம்மாவுக்கு நகைக்கடையில் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுவதும் காலியாகக் கிடக்கிறது. விடுப்பில் சும்மா இருக்கும் நேரத்தில் எதையாவது எழுதலாம் என்று எடுத்தேன்.

காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். ரேஷன் கடையில் அம்மாவின் கைரேகை பதியவில்லை. விரல் தேய்ந்துவிட்டதாம். திரும்பி வந்து சோற்றை வடிக்கும்போது போன் வந்தது.

“பொற்கொடி அக்காவா? நான் தேன்மொழி, காட்டூர் சகாயம் பள்ளிக்கூடத்துலேர்ந்து. நீங்க காலேஜ் படிக்கறப்ப எங்க ஸ்கூல்ல பிரெயில் பிரிண்டர் வெச்சுக் குடுத்தீங்கல்ல? முதல் தாளை நான்தான் படிச்சேன். அப்ப ப்ளஸ் டூ.”

நினைவிருந்தது. இரட்டைப் பின்னல் போட்ட பெண். தாள் இயந்திரத்திலிருந்து முழுதாக வெளியே வருவதற்குள் அதன்மேல் விரலை வைத்துவிட்டவள். பார்வையற்ற பிள்ளைகளுக்கான அதே பள்ளியில் இப்போது கணக்கு டீச்சராம்.

“பிரிண்டர் கல்லு மாதிரி இருக்குக்கா. அதை ஓட்டற கம்ப்யூட்டர்தான் செத்துப்போச்சு. பத்தாவது பிள்ளைங்களுக்குப் பொதுத்தேர்வு வருது. கணக்குப் பயிற்சித்தாள் ஒண்ணுகூட அடிக்கல. வெளிய குடுத்தா தேர்வு முடிஞ்சப்புறம்தான் வரும். உங்களுக்கு ஆபீஸ் இருக்கும், இருந்தாலும்…”

“இல்ல, லீவுலதான் இருக்கேன். நாளைக்கு வர்றேன்.”

பிப்ரவரி 4, செவ்வாய்

சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து காட்டூருக்கு பஸ். அச்சறை அப்படியே இருக்கிறது, சுவர் நிறம் மட்டும் மாறியிருக்கிறது. அந்தப் பெரிய இரும்புப் பெட்டியைப் பார்த்ததும் போய் அதன் மூடியைத் தடவினேன். வெளிநாட்டிலிருந்து யாரோ தானமாகக் கொடுத்த இயந்திரம். நாங்கள் முதலில் பார்த்தபோது அதன் மூளைப் பலகை கருகிப்போயிருந்தது. நானும் என் வகுப்புத் தோழி ஜெய்புன்னிஸாவும் இறுதியாண்டு புராஜெக்டாக அதற்கு வேறு பலகை செய்தோம். பலகையைக் கணினியின் பிரிண்டர் போர்ட்டில் செருகி, தாளில் புள்ளி குத்தும் ஆறு சுத்திகளையும் ஆட்டிவைக்கிற நிரலை, அதாவது டிரைவரை, நாங்களே எழுதினோம்.

பழைய கணினியைத் திறந்தேன். மதர்போர்டில் கெபாசிட்டர்கள் மொத்தமும் உப்பி வெடித்திருந்தன. ஹார்டு டிஸ்க் கரகரவென்று அரைத்தது.

“டிரைவரை மட்டும் எடுத்துப் புதுசுல போட்டுட முடியாதாக்கா?” என்றாள் தேன்மொழி.

அதுதான் முடியாது. ஏன் என்று சொல்ல வேண்டியிருந்தது. “கணினிக்கு உள்ளே கர்னல்னு ஒண்ணு இருக்கு…”

“பட்டாளத்துக்காரரா?”

“கிட்டத்தட்ட. எல்லாரையும் வேலை வாங்கறது அதுதான். அதுல ஒரு டிரைவரைச் சேர்க்க ரெண்டு வழி. மாட்யூலா, தனிக் கோப்பா வெச்சா வேணும்னா ஏத்தலாம், வேணாம்னா இறக்கலாம். இல்லைன்னா கர்னலைக் கட்டும்போதே உள்ளேயே சேர்த்துக் கட்டிடலாம். அப்புறம் பிரிச்சு எடுக்க முடியாது. நாங்க உள்ளேயே சேர்த்துட்டோம்.”

“ஏன் அப்படிப் பண்ணீங்க?”

அப்போது நடந்த சண்டை ஞாபகம் வந்தது. கர்னலைக் கட்டுவதற்கு முன் நீலத்திரையில் ஒவ்வொரு வரியாகக் கேட்கும். ஒய் என்றால் உள்ளே, எம் என்றால் மாட்யூல், என் என்றால் வேண்டாம். எங்கள் வரி வந்ததும் நான் எம் விசையை அழுத்தினேன். ஜெய்பு என் கையைத் தட்டிவிட்டு ஒய் அழுத்தினாள். “அந்தப் பிள்ளைங்க ஒவ்வொரு தடவையும் கட்டளை தட்டிக்கிட்டு இருக்குமா? சுவிட்சைப் போட்டா ஓடணும்.” நான், “நாளைக்கு ஏதாவது மாத்தணும்னா மொத்தக் கர்னலையும் திரும்பக் கட்டணும்டி” என்றேன். அவள் கேட்கவில்லை. அப்போதெல்லாம் ஒரு கர்னல் கட்டி முடிக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆகும். திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் லேபைப் பூட்டச் சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போய் வாழைக்காய் பஜ்ஜி தின்றோம். ஆளுக்கு இரண்டு என்று வாங்கி அவள் மூன்று தின்றாள். அன்றைக்கு மழை வேறு.

தேன்மொழியிடம், “சுவிட்சைப் போட்டா ஓடணும்னு” என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 6, வியாழன்

அம்மாவின் மாத்திரை வாங்கினேன். காப்பீட்டு அட்டையை மருந்துக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். காசு கொடுத்தேன்.

டிஸ்க்கிலிருந்து பழைய கர்னலை மட்டும் நகலெடுக்க முடிந்தது. அறக்கட்டளை ஒன்று பள்ளிக்குக் கொடுத்திருந்த புதுக் கணினியில் அதை எழுப்பிப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது. புதுக் கணினியின் டிஸ்க், அந்தக் கர்னலை எழுதிய காலத்தில் இருந்திராத வகை. கர்னல் அதைத் தேடித் தேடிக் கிடைக்காமல் கையை விரித்துவிட்டது. டிரைவர் அதற்குள்ளேதான் இருக்கிறது, வெளியே எடுக்க வழியில்லை. மூல நிரல் வேண்டும். என் பிரதி பெங்களூரில் வீடு மாறியபோது எங்கேயோ போயிற்று.

இன்னொரு பிரதி ஜெய்புவிடம் இருக்கலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

தேன்மொழி எங்கேயோ விசாரித்து ஜெய்புவின் எண்ணை வாங்கிக் கொடுத்தாள். போன் செய்யவில்லை. வாஷிங் மெஷின் பார்க்க ஆள் வந்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேரிலேயே போய்விட்டேன். பாலக்கரையில், அவள் கணவர் சிராஜின் பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் வீடு. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்கு வருகிறேன். இந்தத் தெரு வழியாக ஆட்டோவில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இறங்க நேரம் இருந்ததில்லை.

கதவைத் திறந்தவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“செருப்பை உள்ள விடு. இங்க நாய் தூக்கிட்டுப் போயிடும்” என்றாள்.

உடம்பு பெருத்திருக்கிறது, கண்ணாடி போட்டிருக்கிறாள். சிரிப்பு மட்டும் அதே. பெண் சென்னையில் படிக்கிறாளாம். கடைக் கணக்கெல்லாம் இவள் பார்க்கிறாள். டீயும் முறுக்கும் வந்தன. விஷயத்தைச் சொன்னேன்.

“கர்னலா?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “எனக்கு எல்லாம் மறந்துபோச்சுடி. இப்ப எமல்ஷன் விலை கேளு, தூக்கத்துல சொல்றேன்.”

ஆனாலும் பரணில் ஏறிப் பெட்டியைத் துழாவினாள். ஒரு சிடி கிடைத்தது. மேலே அவள் கையெழுத்தில் எங்கள் இருவர் பெயரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பூஞ்சை படர்ந்து வலைவலையாகத் தெரிந்தது. என் லேப்டாப்பில் சிடி போடுகிற இடமே இல்லை. கீழே கடைக் கணினியில் போட்டோம். கிர்ரென்று சுற்றியது, அவ்வளவுதான்.

இரண்டு பேரும் அந்த வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடையில் ஒருவர் வந்து அரை லிட்டர் டர்பன்டைன் கேட்டார்.

“திரும்ப எழுத வேண்டியதுதான்” என்றேன்.

“நீ எழுதிடுவே” என்றாள். அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. கிளம்பும்போது, “எத்தனை நாள் லீவு?” என்று கேட்டாள். ஆபீஸில் இன்னும் சொல்லவில்லை என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

எழுத ஆரம்பித்தேன். நான் ஞாபகம் வைத்திருந்த கர்னல் செயல்பாடுகளில் பாதி இப்போது இல்லை, பெயரும் முறையும் மாறிவிட்டன. ஆனாலும் விரல்கள் தாமாகவே போகின்றன. அலுவலகத்தில் கடைசி ஐந்து வருஷம் கூட்டங்களுக்குப் போனதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆபீஸில் கொடுத்த மானிட்டரையும் நாற்காலியையும் திருப்பி அனுப்பச் சொல்லி மறுபடி எழுதியிருந்தார்கள். கூரியர் ஆளை வரச் சொன்னேன்.

பிப்ரவரி 12, புதன்

இன்றைய நாள் சரியில்லை.

மாட்யூல் தயார். பள்ளியில் ஏற்றினேன். கர்னல் மறுத்துவிட்டது. போர்ட் ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கிறது என்றது. எங்கள் டிரைவருக்குப் போர்ட் தனக்கே தனக்காக வேண்டும். நடுவில் வேறு யாராவது ஒரு துடிப்பு அனுப்பினால் சுத்தி அழுந்தியபடியே நின்று அதை இழுக்கும் மின்சுருள் கருகிவிடும். பார்த்தால், சாதாரண பிரிண்டருக்கான டிரைவர் முதலிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. அது மாட்யூலாக இருந்தால் ஒரு வரிக் கட்டளையில் இறக்கிவிடலாம். இந்தக் கணினியைக் கொடுத்த அறக்கட்டளைக்காரர்கள் அதைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இறக்க முடியாது.

அதனால் கர்னலையே திரும்பக் கட்டினேன். அவர்கள் வைத்திருந்த தேர்வுகளை நகலெடுத்து அதில் ஒரே ஒரு வரியை மாற்றியிருக்க வேண்டும். பொறுமையில்லாமல் புதிதாகத் தொடங்கி, தேவை என்று எனக்குத் தோன்றியதை மட்டும் சேர்த்தேன். இப்போதெல்லாம் கட்டி முடிக்க ஒரு காபி குடிக்கிற நேரம் போதும். மறுபடி எழுப்பியதும் தேன்மொழி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். விசையைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

“அக்கா, பேச மாட்டேங்குதே.”

அந்தக் கணினியில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலுக்கான பகுதியும் கர்னலுக்குள்தான் இருந்திருக்கிறது. அதை நான் சேர்க்கவே இல்லை. திரை பளிச்சென்று எனக்குத் தெரிந்ததால், ஒன்று குறைகிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை.

“என்னக்கா ஆச்சு? முன்னாடி நான் தனியா எல்லாம் பண்ணிக்கிட்டு இருந்தேன். இப்ப ஆன் ஆயிருக்கான்னுகூட எனக்குத் தெரியல.” குரல் உயரவில்லை. கைகள் மட்டும் விசைப்பலகையை விட்டு மடிக்கு வந்துவிட்டன.

அறக்கட்டளைக்காரர்களின் கர்னல் இன்னும் உள்ளேயே இருந்தது. தொடக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து எழுப்பினேன். குரல் திரும்பியது. அவள் பெருமூச்சு விட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லக்கா” என்றாள். ஆனால் எழுந்து போகும்போது, “வேலை தெரிஞ்சவங்க வேற யாராவது இருக்காங்களா?” என்றும் கேட்டாள்.

நியாயமான கேள்வி.

பிப்ரவரி 13, வியாழன்

பள்ளிக்குப் போகவில்லை. அலமாரிக்குப் புதுத் தாள் விரித்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

மாலையில் ஜெய்பு வந்து நின்றாள். அம்மாவுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“உங்க டீச்சர் எனக்குப் போன் பண்ணினா. முந்தாநாள் ஏதோ பேசிட்டேன், அக்கா கோவிச்சுக்கிட்டு வரலையோன்னு ஒரே புலம்பல்.”

மாடி அறையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவள் கொய்யாப்பழத்தை நறுக்கியபடி கேட்டாள்.

“அந்தப் பிரிண்டர் டிரைவரை இறக்கவே முடியாதா?”

“உள்ள சேர்த்துக் கட்டினதுடி. முடியாது.”

“சரி, இறக்க வேணாம். எழும்பும்போதே, நீ எழுந்திரிக்காத, படுத்துக்கன்னு சொல்ல முடியாதா?”

நான் அவளைப் பார்த்தேன். பிறகு ஆவணத்தைத் தேடினேன். இருக்கிறது. கணினி எழும்பும்போது கர்னலுக்குக் கொடுக்கும் வரியில் அந்த டிரைவரின் பெயருக்கு நேரே பூஜ்யம் என்று போட்டுவிட்டால், அது உள்ளே இருந்தாலும் போர்ட்டைத் தொடாது. ஒரு சொல். கர்னலைத் தொட வேண்டியதே இல்லை. நான் படித்த காலத்திலிருந்தே அந்த வசதி இருந்திருக்கிறது.

“மறந்துபோச்சுன்னே?”

“மறந்துதான் போச்சு. எங்க வீட்டுக்காரரை வெச்சுச் சொன்னேன்” என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அம்மா கீழேயிருந்து என்னவென்று கேட்டாள்.

சிரித்து முடிந்ததும் கத்தியைத் தட்டில் வைத்தாள். “நீ பெங்களூர் போன புதுசுல எங்க வீட்டுக்குப் போன் பண்ணுவேல்ல? நான் இல்லைன்னு அம்மா சொல்லும். பக்கத்துலயேதான் இருப்பேன். உன் போன்ல பின்னாடி அந்த ஆபீஸ் சத்தம் கேட்கும், கீபோர்டு சத்தம், யாரோ இங்கிலீஷ்ல பேசற சத்தம். வேலைக்கு ஆர்டர் வந்தும் போக முடியாம, ஹார்ட் ஆபரேஷன் ஆன, பெத்த அத்தாவைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அது தாங்கல. உன்மேல கோவமெல்லாம் இல்லடி. அந்தச் சத்தத்துமேலதான்.”

கொய்யாவில் உப்பு அதிகம் என்றேன்.

“அது சரி,” என்றாள், “நான் வந்ததுலேர்ந்து உன் போன் ஒரு தடவைகூட அடிக்கலையே. லீவுல வந்தவங்களை ஆபீஸ்ல இப்படி நிம்மதியா விடுவாங்களா என்ன?”

மின்விசிறி வேகத்தைக் குறைத்தேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. போகும்போது தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 17, திங்கள்

இரண்டு பேரும் சேர்ந்தே காட்டூர் போனோம். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. காலேஜ் நாட்களிலும் அப்படித்தான்.

எழும்பும் வரியில் அந்தச் சொல்லைச் சேர்த்தேன். குரல் பத்திரமாக இருக்கிறது. போர்ட் காலி. மாட்யூலை ஏற்றினேன், ஏறியது. முதல் சுத்தி டக்கென்று தாளில் விழுந்ததும் ஜெய்பு என் முழங்கையைப் பிடித்தாள். டடக் டடக்கென்று அறை முழுக்க அந்தப் பழைய சத்தம். வராந்தாவில் போன பிள்ளைகள் கதவருகே கூடிவிட்டார்கள்.

தேன்மொழி தாளை எடுத்து விரலை ஓட்டினாள். முகம் மலர்ந்திருந்தது. இரண்டாம் வரியில் நின்றாள். திரும்ப ஓட்டினாள்.

“முக்கோணத்துல மூணு கோணமும் சேர்ந்து நூத்தி எழுபத்தி ஒம்போதுதான் வருது. வினாத்தாளே தப்பா?”

ஜெய்பு திரையில் பார்த்தாள். “இல்லையே. எழுபத்தியேழு, அறுபது, நாப்பத்திமூணு. நூத்தியெண்பது.”

“என் கையில எழுபத்தியாறுன்னு இருக்கு. முதல் ஏழு சரி, அடுத்த ஏழுதான் ஆறாயிருக்கு.” தாளைத் தள்ளி வைத்தாள். “வேற எந்த எண்ணும் மாறல. அங்கங்க ஏழு மட்டும் ஆறாகுது. மொத்தமா தப்பா அடிச்சா தூக்கிப் போட்டுடலாம். இப்படி அடிச்சா பிள்ளைங்க தன்மேலதான் தப்புன்னு நினைச்சுக்கும்.”

பிரெயிலில் ஏழுக்கு நான்கு புள்ளி. மற்ற எந்த இலக்கத்துக்கும் மூன்றுக்கு மேல் இல்லை. ஏழின் நான்கில் ஐந்தாம் இடத்துப் புள்ளி விழாவிட்டால் அது ஆறு. காரணம் எனக்குப் பிடிபடவில்லை. நிரலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன். ஜெய்பு இயந்திரத்தின் மூடியில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“சத்தம் தப்பா இருக்குடி. அப்ப இப்படி ஒரே டக்குனு விழாது. ட-டக்குனு விழும்.” கண்ணைத் திறந்தாள். “ரெண்டு தடவையா அடிச்சோம்! நாலு சுத்தியும் ஒரே நேரத்துல இழுத்தா கரண்ட் பத்தலைன்னு முதல்ல மூணு, கொஞ்சம் விட்டு மிச்சம். இதே பெஞ்சுல உட்கார்ந்து நீதான் கண்டுபிடிச்சே. ஞாபகம் இல்லையா?”

சுத்தமாக ஞாபகம் இல்லை. நான் கண்டுபிடித்ததை அவள் இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறாள்.

அவள் சொல்லச் சொல்ல அந்த இடைவெளியை நிரலில் சேர்த்தேன். மாட்யூலை இறக்கினேன், திருத்தினேன், ஏற்றினேன். கணினியை ஒருமுறைகூட நிறுத்தவில்லை. “பார்த்தியா, எம் போட்டா எவ்வளவு வசதி” என்றேன். இருபது வருஷச் சண்டை.

“சரி, நீ சொன்னதே சரி. ஆனா இவ தினமும் கட்டளை தட்டணுமா?”

எழும்பும்போது தானாக ஏற்ற வேண்டிய மாட்யூல்களின் பட்டியலில் எங்கள் பெயரைச் சேர்த்தேன். அணைத்துவிட்டு, தேன்மொழியையே சுவிட்சைப் போடச் சொன்னேன். குரல் பேசியது. அவளே கோப்பைத் திறந்து அச்சுக்குக் கொடுத்தாள். நாங்கள் தொடவில்லை. பக்கம் முழுவதையும் படித்தாள். அடுத்த பக்கத்துக்குப் போனாள். மூன்றாம் பக்கம் முடிந்ததும்தான், “நூத்தியெண்பது” என்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

நாள் முழுக்க அச்சு. ஜெய்பு தாள் கொடுக்க, நான் கிழித்து அடுக்க. சிராஜ் கடையிலிருந்து மத்தியானம் பிரியாணி அனுப்பினார். பதினோரு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கட்டு. ஒரு பெண் தன் கட்டை முகர்ந்து பார்த்து, “சூடா இருக்கு டீச்சர்” என்றது.

இன்னும் இரண்டு ஊர்ப் பள்ளிகளில் இதே மாதிரி பிரிண்டர்கள் முடங்கிக் கிடப்பதாகத் தேன்மொழி சொன்னாள். ஜெய்பு என்னைப் பார்த்தாள். “எனக்கு வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் சரி. உனக்கு?”

“எனக்கு எந்த நாளும் சரி” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“லீவு எப்பதான்டி முடியுது?” என்றாள், வழக்கம்போல.

“அம்மா, லீவு இல்ல. வேலை போயிடுச்சு. நிறைய பேரை அனுப்பினாங்க. அதுல நானும்.”

அம்மாவின் கை நின்றது. “எப்போ?”

“பொங்கலுக்கு முன்னாடியே.”

திட்டுவாள், அழுவாள், இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன். அம்மா கீரைத் தண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்புறம் ஏன்டி தினமும் அலாரம் வெச்சு, விடியறதுக்குள்ள எழுந்து குளிச்சிட்டு உட்கார்ந்திருந்தே?”

அம்மா மடியிலிருந்த கீரையைத் தள்ளிவிட்டு என் தலையை இழுத்து அங்கே வைத்துக்கொண்டாள். கையில் கீரை வாசம்.

பிப்ரவரி 24, திங்கள்

வெயில் முகத்தில் விழும்வரை தூங்கினேன். அம்மா எழுப்பவில்லை.